ஓஎஸ் மாற்றியபின் ரெக்கார்டிங் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஓஎஸ் (இயங்குதளம்) அப்கிரேட் முடிந்ததும் கணினி நல்ல பிள்ளையாக எழுந்து நிற்கும். இணையம் வரும், வீடியோ ஓடும், பிரின்டர்கூட வேலை செய்யும். பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளைத் திறந்த பிறகுதான் வினை ஆரம்பிக்கும். மற்ற மென்பொருள்கள் எல்லாம் மேல்மாடியில் குடியிருப்பவை. இது ஒன்றுதான் டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்), மைக் அனுமதி, பிளக்-இன் (ஒலியை உருவாக்க, மாற்ற உள்ளே சேர்க்கும் குட்டி மென்பொருள்), லைசென்ஸ் என்று நாலு பக்கமும் அஸ்திவாரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. (துறையில் இந்த வகை மென்பொருளை DAW என்று சுருக்கி, ‘டா’ என்பார்கள். எழுத்தில் அப்படிப் போட்டால் யாரையோ அதட்டுவது போலிருக்கிறது. ஆகவே இங்கே ‘மென்பொருள்’ என்றே சொல்கிறேன்.)

எதையும் தொடுமுன் இரண்டு எச்சரிக்கை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாம் என்று கை துறுதுறுக்கும், வேண்டாம். அப்கிரேடுக்குப் பின் வரும் கோளாறில் பெரும்பகுதி அனுமதி, டிரைவர் சம்பந்தப்பட்டது. மென்பொருளை எத்தனை முறை ரீஇன்ஸ்டால் செய்தாலும் அது அப்படியே இருக்கும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த செட்டிங்ஸ்தான் போய்விடும். அடுத்தது இன்னும் முக்கியம். “இந்த பிளக்-இன் காணவில்லை” என்ற செய்தியோடு ஒரு ப்ராஜெக்ட் திறந்தால், அதை அதே பெயரில் சேவ் செய்யாதீர்கள். காணாமல்போன பிளக்-இன்னின் செட்டிங்ஸைச் சில மென்பொருள்கள் பத்திரமாக வைத்திருக்கும், சில அப்படியே கைவிட்டுவிடும். உங்களுடையது எந்த ரகம் என்பதை நல்ல பாட்டை வைத்துச் சோதிக்க வேண்டாம். வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து அதில் விளையாடுங்கள்.

ரெக்கார்ட் ஆகிறது, ஆனால் சத்தமே இல்லை

இதில்தான் அதிகம் பேர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். நான் முதல்முறை இதில் மாட்டிக்கொண்டபோது கேபிளை மூன்று தடவை மாற்றினேன், மைக்குக்கு மின்சாரம் தரும் ஃபேன்டம் பவரை அணைத்து அணைத்துப் போட்டேன், மைக்கையே மாற்றினேன். பாட வந்தவர் பொறுமையாக வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இருந்த பச்சை விளக்கு அவர் பேசும்போதெல்லாம் துள்ளியது. திரையில் மட்டும் ஒரு சலனமும் இல்லை.

அன்றைக்கே செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பத்து வினாடி ரெக்கார்ட் செய்யுங்கள். பதிவான டிராக்கை உயர வாக்கில் முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள். கேபிள் பழுது, மைக் பழுது, கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) குறைவு எதுவானாலும் இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சல் கொஞ்சமாவது இருக்கும். பெரிதாக்கினால் புல் முளைத்ததுபோல் தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அடிஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி இருந்தால், வந்தது ஒலியே இல்லை. ஓஎஸ் உங்கள் மென்பொருளுக்கு வெறும் பூஜ்ஜியங்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மேக்கில் 2018-இல் வந்த மோஹாவியிலிருந்து ஒவ்வொரு ஆப்பும் மைக்ரோஃபோனுக்கு அனுமதி கேட்டாக வேண்டும். ‘மைக்ரோஃபோன்’ என்பது இங்கே ஆகுபெயர். கிட்டார், கீபோர்டு, மிக்ஸரிலிருந்து வரும் லைன் என எந்த இன்புட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். அனுமதிப் பெட்டி ஒரே ஒருமுறை வரும்; அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டால் மறுபடி கேட்காது, பிழைச் செய்தியும் காட்டாது. சிஸ்டம் செட்டிங்ஸில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதனுள் மைக்ரோஃபோன். அங்கே உங்கள் மென்பொருளின் பெயருக்கு எதிரே சுவிட்சைப் போட்டுவிட்டு, மென்பொருளை முழுதாக மூடித் திறங்கள். சரியாகிவிட்டால், இன்புட் இயங்கும்போது மேலே மெனு பாரில் ஆரஞ்சுப் புள்ளி தெரியும்.

விண்டோஸிலும் இதே கதைதான், இடம்தான் வேறு. செட்டிங்ஸில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன். மேலே உள்ள சுவிட்சைப் போட்டுவிட்டு நிறையப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள். பக்கத்தின் கீழே ‘டெஸ்க்டாப் ஆப்கள் மைக்ரோஃபோனைப் பயன்படுத்தலாம்’ என்று தனியாக இன்னொன்று இருக்கிறது. ரெக்கார்டிங் மென்பொருள் அந்தக் கணக்கில்தான் வரும்.

பெரிதாக்கியபோது புல் தெரிந்ததா? அப்படியானால் ஒலி வருகிறது; கேபிள், மைக், கெயின் சரியென்றால் வேறு இடத்திலிருந்து வருகிறது. அப்கிரேடில் இன்புட், வெப்கேம் மைக்குக்கு மாறியிருக்கலாம். மென்பொருளின் ஆடியோ செட்டிங்ஸில் ‘சிஸ்டம் டிஃபால்ட்’ என்று விடாமல் இன்டர்ஃபேஸின் பெயரையே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

இன்டர்ஃபேஸையே காணோம்

விண்டோஸ் என்றால் முதலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழைய டிரைவரைப் புதிய விண்டோஸ் உள்ளே விடவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருப்பது கோர் ஐசொலேஷன் பகுதியில் உள்ள ‘மெமரி இன்டெக்ரிட்டி’. அதை அணைத்தால் டிரைவர் உயிர்பெறும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அது கைமாற்று வாங்குவது மாதிரி. கணினியின் பாதுகாப்பைக் குறைத்து ஒரு பழைய டிரைவரை ஓட்டுகிறீர்கள். அடுத்த அப்டேட்டில் அது மறுபடி நிற்கலாம். தயாரிப்பாளர் புது டிரைவர் வெளியிட்டிருக்கிறாரா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இன்ஸ்டால் செய்யும் வரிசையும் முக்கியம்: இன்டர்ஃபேஸைக் கழற்றுங்கள், பழைய டிரைவரை நீக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், புதியதைப் போடுங்கள், அது கேட்கும்போது மட்டும் யூஎஸ்பியைச் செருகுங்கள்.

முக்கோணமும் இல்லை, யூடியூப் பாட்டு இன்டர்ஃபேஸ் வழியாக நன்றாகவே கேட்கிறது, ஆனால் ரெக்கார்டிங் மென்பொருளில் மட்டும் ஏசியோ (ASIO, தாமதம் குறைவாகப் பதிவு செய்ய உதவும் டிரைவர் வகை) பட்டியலில் பெயர் இல்லையா? விண்டோஸ் தன்னிடமிருந்த பொதுவான யூஎஸ்பி ஆடியோ டிரைவரைப் போட்டுச் சமாளித்துவிட்டது. சத்தம் வரவைக்க அது போதும். ஏசியோ அதில் கிடையாது. இதற்கும் மருந்து தயாரிப்பாளரின் டிரைவர்தான்.

மேக்கில் டிரைவரே தேவைப்படாத, ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ என்று சொல்லப்படும் இன்டர்ஃபேஸ்கள் அநேகமாகத் தொல்லை தராது. ஓஎஸ்ஸின் மையத்துக்குள் நுழையும் கெர்னல் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓடும் பழைய ரகங்கள்தான் தகராறு செய்யும். ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் கீழே ‘தடுக்கப்பட்டது’ என்ற அறிவிப்பு காத்திருக்கும். அனுமதித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். எம்1 முதல் வந்த ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்த சிப்) மேக்குகளில் அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு: கணினியை அணைத்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ரிக்கவரிக்குள் போய், ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூட்டிலிட்டியில் ‘ரெட்யூஸ்டு செக்யூரிட்டி’யைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபயர்வயர் (யூஎஸ்பி போன்ற ஒரு பழைய இணைப்பு முறை) இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி இல்லை. 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவே எடுக்கப்பட்டுவிட்டது. இதுநாள்வரை தண்டர்போல்ட் அடாப்டர் போட்டு ஓட்டினீர்கள் என்றால் அந்த வழியும் அடைந்துவிட்டது. அந்தக் கருவி உங்களுக்கு வேண்டுமென்றால் அந்தக் கணினியை டஹோவுக்கு ஏற்றாதீர்கள்.

பிளக்-இன்கள் காணாமல் போய்விட்டன

எத்தனை காணவில்லை, எவை காணவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்தப் பட்டியலின் வடிவமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

வயதான பிளக்-இன்கள் மட்டும் மொத்தமாகப் போயிருக்கின்றன என்றால் அவை 32-பிட் என்ற பழைய ரகமாக இருக்கலாம். 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட்டைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஸ்கேன் செய்வதாலோ ரீஇன்ஸ்டால் செய்வதாலோ அவை திரும்பாது. 64-பிட் பதிப்பு இருந்தால் சரி, இல்லாவிட்டால் பழைய ஓஎஸ் உள்ள கணினியில் திறந்து அந்த டிராக்குகளை ஆடியோவாக மாற்றிக்கொண்டு வருவதுதான் வழி.

பழைய இன்டெல் மேக்கிலிருந்து ஆப்பிள் சிலிக்கானுக்கு மாறிய கையோடு விஎஸ்டி எனும் வகைப் பிளக்-இன்கள் போய்விட்டனவா? மென்பொருள் புதிய சிப்புக்கு ஏற்றபடி ஓடுகிறது, பிளக்-இன் இன்டெல்லுக்காக எழுதப்பட்டது. பெரும்பாலான மென்பொருள்களில் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்காது. மென்பொருளின் ஐகானைத் தேர்ந்து ‘கெட் இன்ஃபோ’ போய் ‘ஓப்பன் யூஸிங் ரொசெட்டா’வை (இன்டெல் நிரலைப் புதிய சிப்பில் ஓடவைக்கும் ஆப்பிளின் கருவி) டிக் செய்து திறந்தால் பிளக்-இன்கள் திரும்பும். ஆப்பிளின் லாஜிக் ப்ரோவுக்கு இது அவசியமில்லை; இன்டெல் ஆடியோ யூனிட்டுகளை (ஆப்பிளின் பிளக்-இன் வகை) அது தனியறையில் வைத்து ஓட்டிக்கொள்ளும். ஆனால் ரொசெட்டாவை நம்பி நீண்டகாலத் திட்டம் போடாதீர்கள். மேக்ஓஎஸ் 27 வரைதான் அது இப்போதிருக்கும் முழு வடிவில் இருக்கும் என்று ஆப்பிள் 2025-இலேயே சொல்லிவிட்டது.

ஒரே தயாரிப்பாளரின் பிளக்-இன்கள் மட்டும் கூண்டோடு இல்லையென்றால் லைசென்ஸ் பக்கம் பாருங்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணவில்லையா? ஸ்கேனில் நடந்த கோளாறு. அப்கிரேடுக்குப் பிறகு மென்பொருள் முதல்முறை திறக்கும்போது எல்லா பிளக்-இன்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பதில் சொல்லாததைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டு, அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காது. எனக்கு ஒருமுறை ஸ்கேன் ஒரு ரிவெர்ப் (அறையின் எதிரொலியைச் சேர்க்கும் பிளக்-இன்) பெயரில் வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டது. ஹேங்க் ஆகிவிட்டது என்று கட்டாயமாக மூடினேன். மறுமுறை திறந்தால் அந்த ரிவெர்ப் பட்டியலிலேயே இல்லை. மறுபடி ஸ்கேன் செய்யும்போது தற்செயலாக ஜன்னலை நகர்த்தினேன். பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு சின்னப் பெட்டி, ‘உங்கள் கணக்கில் உள்நுழையவும்’ என்று பாவமாகக் காத்திருந்தது. ஆகவே ஸ்கேன் நின்றால் முதலில் எல்லா ஜன்னல்களையும் விலக்கிப் பாருங்கள். பிறகு பிளக்-இன் மேனேஜரில் கறுப்புப் பட்டியலைக் காலி செய்து முழு ரீஸ்கேன் கொடுங்கள்.

மேக்கில் ஆடியோ யூனிட்டுகள் ரீஸ்கேனுக்கும் மசியாவிட்டால், உங்கள் பயனர் லைப்ரரியில் கேஷஸ் ஃபோல்டருக்குள் ‘ஆடியோயூனிட்கேஷ்’ என்று ஒன்று இருக்கும். அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அழிப்பதால் நஷ்டமில்லை, மேக் தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ‘தீங்கான மென்பொருளா என்று சரிபார்க்க முடியவில்லை’ என்ற மிரட்டல் வந்தால், பிளக்-இன் நம்பகமான இடத்திலிருந்து வந்தது என்பது உறுதியானபின், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டியின் அடியில் ‘ஓப்பன் எனிவே’ அழுத்துங்கள். அந்தப் பட்டன் எப்போதும் அங்கே இருக்காது; திறக்க முயன்று தடுக்கப்பட்ட சற்று நேரத்துக்கு மட்டுமே தெரியும்.

சத்தம் வருகிறது, படபடவென்று வெடிக்கிறது

அப்கிரேட் செய்த அன்றே இதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஃபைல்களுக்கு மறுபடி அட்டவணை போடுவது, படங்களை அலசுவது என்று ஓஎஸ் பின்னணியில் ஏகப்பட்ட வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஓர் இரவு முழுக்கக் கணினியைச் சார்ஜரில் போட்டு ஓடவிட்டுக் காலையில் பாருங்கள்.

காலையிலும் வெடித்தால், எப்படி வெடிக்கிறது என்று காது கொடுங்கள். கடிகாரம் போலச் சீரான இடைவெளியில் ‘டிக்’ வந்தால் பஃபரை (கணினி ஒரே மூச்சில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) கூட்டிப் பயனில்லை. இரண்டு கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை. மேக்கில் அக்ரிகேட் டிவைஸ் (பல கருவிகளை ஒன்றாகச் சேர்த்தது) வைத்திருந்தால் ஆடியோ மிடி செட்டப் ஆப்பில் ‘டிரிஃப்ட் கரெக்‌ஷன்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒழுங்கில்லாமல், பாட்டு அடர்த்தியாகும் இடங்களில் வெடித்தால் அது சுமை. பஃபர் அளவு 128 என்றால் 48,000 சாம்பிள் ரேட்டில் (வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் வெறும் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21 மில்லிசெகண்ட். பாடும்போது சிறியது, மிக்ஸிங்கில் பெரியது. 1024-இலும் வெடித்தால் யாரோ குறுக்கே வருகிறார்கள். விண்டோஸில் பவர் பிளான் ‘பேலன்ஸ்டு’க்குத் திரும்பியிருக்கலாம், யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் ‘செலக்டிவ் சஸ்பெண்ட்’ உயிர்பெற்றிருக்கலாம். இரண்டையும் பார்த்தபின் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பெயரோடு காட்டும். என் அனுபவத்தில் வைஃபையும் கிராஃபிக்ஸ் கார்டும்தான் வழக்கமான குற்றவாளிகள். வைஃபையை அணைத்து ஒரு நிமிடம் கேட்டுப் பார்ப்பதற்குக் கருவிகூட வேண்டாம்.

பாட்டு ஸ்ருதி மாறி ஒலிக்கிறது

சாம்பிள் ரேட் மாறிவிட்டது. 44,100-இல் பதிவான பாட்டை 48,000-இல் ஓட்டினால் வேகம் சுமார் 9 சதவீதம் கூடும், ஸ்ருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் ஏறும். நம் கணக்கில் முக்கால் கட்டை. நாலு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 வினாடியில் முடிந்துவிடும். இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனல், ஓஎஸ்ஸின் ஒலி செட்டிங்ஸ், ப்ராஜெக்ட் மூன்றிலும் ஒரே எண் இருக்கும்படி செய்யுங்கள். இதைச் சரிசெய்யாமல் மேலே புதுக் குரல் எதையும் பதிவு செய்துவிடாதீர்கள். அப்புறம் பழையது சரியாகும், புதியது தொங்கும்.

ப்ராஜெக்ட் திறக்கிறது, ஆடியோ ஃபைல்கள் இல்லை என்கிறது

ஃபைல்கள் எங்கும் போகவில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தால், மேக்கில் அந்த டிஸ்க்கைத் தொட மென்பொருளுக்குத் தனி அனுமதி வேண்டும். ‘ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பகுதியில் கொடுங்கள்.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தால் சந்தேகம் கிளவுட் மேல். அப்கிரேட் முடிந்தவுடன் வரும் வரவேற்புத் திரைகளில் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்தும்போது விண்டோஸில் ஒன்டிரைவ், மேக்கில் ஐகிளவுட் உங்கள் டாக்குமென்ட்ஸைத் தத்தெடுத்துக்கொள்ளும். விண்டோஸில் ஃபோல்டரின் முகவரியே மாறிவிடுவதால் ப்ராஜெக்ட் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். மேக்கில் இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று பெரிய சாம்பிள் ஃபைல்களை மேலே அனுப்பிவிட்டு, பெயரையும் ஒரு மேகப் படத்தையும் மட்டும் விட்டுவைக்கும். முதலில் எல்லாவற்றையும் கணினிக்கு இறக்குங்கள், பிறகு இந்த ஒத்திசைவை அணையுங்கள். வரிசையை மாற்றிச் செய்யாதீர்கள். அதன்பின் ரெக்கார்டிங்குகளை டாக்குமென்ட்ஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.

லைசென்ஸ் கேட்கிறது, கீபோர்டு பேசவில்லை

சில லைசென்ஸ் முறைகளுக்கு அப்கிரேட் ஆன கணினி புதுக் கணினியாகத் தெரியும். லைசென்ஸ் மேனேஜரை அப்டேட் செய்து திறந்தாலே பாதி சரியாகும். ‘எண்ணிக்கை தீர்ந்துவிட்டது’ என்று சொன்னால், கணக்குப் பக்கத்தில் பழைய கணினியை நீக்கிவிட்டு மறுபடி ஆக்டிவேட் செய்யுங்கள்.

மிடி கீபோர்டு (வாசிப்பதைக் கணினிக்குச் சொல்லும் இசைக் கீபோர்டு) தெரியாவிட்டால் விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய பதிவுகளை நீக்குங்கள். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பிலும் அதே வேலை. பிறகு கழற்றிச் செருகுங்கள்.

எதுவும் சரிவரவில்லை, திரும்பிப் போகலாமா?

விண்டோஸில் போகலாம், ஆனால் 10 நாளுக்குள். செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி, ‘கோ பேக்’. டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்தப் பாலம் உடைந்தது. மேக்கில் இப்படி ஒரு பட்டனே கிடையாது. டிஸ்க்கை அழித்துப் பழைய ஓஎஸ்ஸைப் போட்டு, பேக்கப்பிலிருந்து ஃபைல்களை எடுத்துவைக்க வேண்டும். அந்த மேக் வாங்கும்போது என்ன ஓஎஸ்ஸோடு வந்ததோ, அதற்குக் கீழே இறங்கவும் முடியாது. இதற்கிடையில் ரெக்கார்டிங் மென்பொருளையும் அப்டேட் செய்து ப்ராஜெக்ட்டைச் சேவ் செய்திருந்தால், பழைய பதிப்பு அதைத் திறக்க மறுக்கலாம். தொடக்கத்தில் பிரதி எடுக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இன்னும் பட்டனை அழுத்தாதவர்களுக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே ‘நான் மாறவே மாட்டேன்’ என்று இணையத்தில் இருக்கும் கணினியில் அடம்பிடிப்பது இனி சரிவராது. இணையத்தைத் துண்டித்துப் பதிவுக்கு மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் விஷயம் வேறு. அதை அப்படியே விடுங்கள், அது பாட்டுக்கு ஓடட்டும்.

மாறத்தான் வேண்டுமென்றால், கையில் பாதியில் நிற்கும் பாட்டு எதுவும் இல்லாத வாரமாகப் பாருங்கள். பிளக்-இன், இன்டர்ஃபேஸ், மென்பொருள் மூன்றின் தயாரிப்பாளர்களும் புதிய ஓஎஸ் பெயரைச் சொல்லி ‘ஓடும்’ என்று அறிவித்தபின் அழுத்துங்கள்; மூவரில் ஒருவர் மௌனமாக இருந்தாலும் காத்திருங்கள். முடிக்காத பாட்டுகளின் ஒவ்வொரு டிராக்கையும் பிளக்-இன் ஒலியோடு சேர்த்து, எல்லாம் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கும்படி, வேவ் ஃபைலாக ஏற்றுமதி செய்து வையுங்கள். எந்தப் பிளக்-இன் செத்தாலும் அந்தப் பாட்டு செத்துவிடாது.

மேக்கில் இன்னொரு வசதி உண்டு, ஏனோ பலர் பயன்படுத்துவதில்லை. டிஸ்க் யூட்டிலிட்டியில் தனியாக ஒரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் (டிஸ்க்குக்குள் ஒரு தனி அறை) சேர்த்து, புதிய ஓஎஸ்ஸை அதில் போடுங்கள். பழையது தொடப்படாமல் பக்கத்திலேயே இருக்கும். புதியதில் மென்பொருளையும் நீங்கள் தினமும் தொடும் நாலைந்து பிளக்-இன்களையும் மட்டும் நிறுவி, ஒரு பழைய ப்ராஜெக்ட்டின் பிரதியைத் திறந்து, ஒரு டேக் எடுத்துப் பாருங்கள். டிராக்கைப் பெரிதாக்கினால் புல் தெரிகிறதா? அப்புறம் அப்கிரேட் செய்யலாம்.